முகாம்னு சொல்லி ஒரே பதில் கொடுக்காதீங்க: தருமபுரி, கிருஷ்ணகிரி வக்கீல்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்து கோர்ட்டுகள்லயும் வேலை பாக்கற வக்கீல் ஐயா, அம்மா எல்லாருக்கும், இலவச சட்ட உதவிக்குன்னு உக்காந்திருக்கற எல்லாருக்கும்,

"முகாம் ஆளுங்களுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாதும்மா, அதெல்லாம் டெல்லி விஷயம்." முகாம்னா இலங்கைத் தமிழர் அகதிகள் முகாம். அங்க இருக்கற எங்க அக்கா குடியுரிமை விஷயமா சட்ட உதவி கேட்டு போனப்ப இப்படி சொல்லி திருப்பி அனுப்பிட்டாங்க. எந்த ஆபீஸ், யார் சொன்னதுன்னு இங்க எழுதல, ஏன்னா இது ஒரு ஆளோட தப்பு இல்ல, இதே பதிலை எங்க முகாம்ல அம்மம்மா காலத்துல இருந்து கேட்டுட்டு இருக்கோம். ஆனா இந்த தடவை என்னால கேட்டுட்டு சும்மா இருக்க முடியல. ஏன்னா எங்க அக்கா இந்தியக் குடிமகள். யாரும் புதுசா கொடுக்க வேண்டியதில்ல, பிறந்த அன்னைக்கே ஆயிட்டாங்க, சட்டத்துல அப்படித்தான் இருக்கு. அவங்க கொண்டு போன பேப்பர்ல பிறந்த தேதி என்னன்னு பாத்திருந்தா கூட போதும். முகாம்னு கேட்டதுமே பேப்பரை வாங்காம விட்டுட்டாங்க.

நான் தருமபுரி மாவட்டத்துல ஒரு அணைக்கட்டு ஓரம் இருக்கற இலங்கைத் தமிழர் முகாம்ல வளந்தவ. 1990 ஜூன்ல திரும்ப சண்டை ஆரம்பிச்சப்ப எங்க அப்பா அம்மா மன்னார்ல இருந்து படகுல வந்தாங்க, மண்டபத்துல வெச்சிருந்து அப்புறம் பஸ்ல ஏத்தி இங்க அனுப்பினாங்க. நான் 1991-ல தருமபுரி பெரியாஸ்பத்திரியில பிறந்தேன். படிச்சது இங்க கவர்மெண்ட் ஸ்கூல், கல்யாணம் ஆனது இங்க, ராகிக் களி கிண்டவும் இங்கதான் கத்துக்கிட்டேன். டி.சி.ல நாட்டினம்ங்கற இடத்துல மட்டும் இலங்கைன்னு இருக்கு. அந்த நாட்டை நான் கண்ணால பாத்ததில்ல.

அக்கான்னு சொன்னது பெரியம்மா பொண்ணு. பெரியம்மா குடும்பம் எங்களுக்கு முன்னாடியே, 83 கலவரத்துக்கு அப்புறம் வந்தவங்க. அக்கா 1985 டிசம்பர்ல மண்டபத்துல பிறந்தாங்க. இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க, நீங்க எனக்கு மேல படிச்சவங்க, ஆனாலும் எழுதறேன், ஏன்னா இதை எங்ககிட்ட யாரும் உக்காந்து சொல்லல, ஃபோன்ல நாங்களே தேடி படிச்சோம். 1955 குடியுரிமைச் சட்டம், 3-வது பிரிவு. 1950 ஜனவரி 26-ல இருந்து 1987 ஜூலை 1-க்கு முன்னாடி வரைக்கும் இந்தியாவுல பிறந்த யாரா இருந்தாலும் பிறப்பால இந்தியக் குடிமக்கள். தூதரகத்துக்காரங்க பிள்ளைங்க மாதிரி ஒண்ணு ரெண்டு விலக்கு தவிர அப்பா அம்மா எந்த நாடுன்னு அதுல கேள்வியே கிடையாது. இது வெறும் ஏட்டுல இருக்கற விஷயம்னு யாரும் சொல்லிடாதீங்க, இதே மாதிரி 1986-ல மண்டபம் முகாம்ல பிறந்து திருச்சி முகாம்ல இருந்த ஒரு அம்மாவுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு போட்டுச்சு, அவங்க 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல ஓட்டும் போட்டாங்க. அதை டிவில பாத்துட்டுதான் எங்க அக்கா தன்னோட பிறப்பு சர்டிபிகேட்டை எடுத்துக்கிட்டு கிளம்பினாங்க. அந்த சர்டிபிகேட்ல பேர் இருக்க வேண்டிய இடம் காலியா இருக்கு, பெண் குழந்தைன்னு மட்டும் போட்டிருக்கு, அப்பா பேர்ல ஒரு எழுத்து முகாம் கார்டுல இருக்கறதோட ஒத்துப்போகல. ஒரு வக்கீல் உக்காந்து ஒரு அஃபிடவிட் போட்டு, பேர் சேர்க்க ஒரு மனு எழுதி கொடுத்தா முடியற வேலை. இதுக்கு எதுக்குங்க டெல்லி?

அக்கா வீட்டுக்குள்ளயே இன்னும் போய் பாருங்க. பையன் 2004 ஆகஸ்ட்ல பிறந்தான். 1987 ஜூலை 1-ல இருந்து 2004 டிசம்பர் 3-க்கு முன்னாடி வரைக்கும் பிறந்தவங்களுக்கு அப்பா அம்மாவுல ஒருத்தர் இந்தியக் குடிமகனா இருந்தா போதும், அதனால அவனும் இந்தியன். பொண்ணு 2009-ல பிறந்தா. 2004 டிசம்பர் 3-லயோ அதுக்கு அப்புறமோ பிறந்திருந்தா ஒருத்தர் குடிமகன்ங்கறது பத்தாது, இன்னொருத்தர் 'சட்டவிரோதக் குடியேறி'யா இருக்கக் கூடாதுன்னு சட்டம் மாறிடுச்சு. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், 1990-ல சின்னப் பையனா படகுல வந்தவர், பாஸ்போர்ட் எங்க இருந்து வரும், உயிரை கையில பிடிச்சிட்டு வந்தவங்ககிட்ட. அதனால பாப்பா மாட்டிக்கிட்டா. ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்த அண்ணன் தங்கச்சி, அவன் இந்தியன், அவ யாருன்னே தெரியாது. ஆனா 5(4)-ன்னு ஒரு பிரிவு இருக்கு, விசேஷ சூழ்நிலை இருந்தா மைனர் பிள்ளைய குடிமகளா பதியலாம்னு மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்குது. பாப்பாவுக்கு 18 ஆகற வரைக்கும்தான் அந்த கதவு. யாராவது மனு போட்டு கேக்கணும்ல? அந்த வயசு ஓடிட்டு இருக்கறதுதான் எனக்கு ராத்திரி தூக்கம் வராத காரணம், இந்த மடலை இன்னைக்கே எழுதறதுக்கும் அதான் காரணம்.

என் கதை வேற. 1991, அப்பா அம்மா ரெண்டு பேரும் இலங்கை, அதனால பிறப்பால வழி இல்ல, தெரியும். எங்களை சட்டவிரோதக் குடியேறின்னு சொல்லி பதிவு, விண்ணப்பம் எல்லா வழியையும் 2004 டிசம்பர்ல அமலுக்கு வந்த அந்த 2003 திருத்தம் அடைச்சிடுச்சுன்னு சொல்றாங்க. ஆனா அந்த சட்டத்துல சட்டவிரோதக் குடியேறின்னா செல்லுபடியாகற பேப்பர் இல்லாம இந்தியாவுக்குள்ள வந்த, இல்லன்னா பேப்பரோட வந்து கெடு தாண்டி தங்கின வெளிநாட்டுக்காரர்னுதான் போட்டிருக்கு. நான் எங்க இருந்து வந்தேன்? தருமபுரி ஆஸ்பத்திரி பிரசவ வார்டுல இருந்து வந்தேன். இங்க பிறந்த பிள்ளைங்களுக்கு அந்த பேர் பொருந்துமாங்கற கேள்விய கோர்ட்டுல வெச்சு பேச ஒரு ஆள் வேணும். தோத்தாலும் பரவாயில்ல, யாராவது நிக்கணும்.

எங்க முகாம்ல இருக்கற ஒரு தாத்தாவ பத்தி சொல்லணும், இது எல்லாத்தையும் விட எனக்கு மனசு ஆறாத விஷயம். நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுல, பிறந்தவர். 1948-ல சிலோன் அரசு தோட்டத்து ஜனங்க குடியுரிமைய பறிச்சுது, 1964 அக்டோபர் 30-ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கறதுன்னும் 3,00,000 பேரை சிலோன் வெச்சுக்கறதுன்னும் பிரிச்சாங்க, மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-ல ஆளுக்கு பாதியா பிரிச்சாங்க. அந்த ஜனங்ககிட்ட கேட்டு பிரிச்சாங்களான்னா இல்ல. தாத்தாவோட அப்பா இந்தியாவுக்குன்னு எழுதி கொடுத்தவர். 77-ல கலவரம் வந்து வவுனியா பக்கம் ஓடினாங்க, 84-ல தலைமன்னார் கப்பலும் நின்னு போச்சு, கடைசியில 90-ல எங்க ஜனங்களோட சேந்து படகுல வந்ததால அவரும் அகதின்னு எழுதிட்டாங்க. அவர் பொட்டியில ஒரு பழைய பேப்பர் இருக்கு, அதுல அவங்க பூர்வீகம் சேலம் ஜில்லான்னு போட்டு அரூர் பக்கத்து ஊர் பேர் எழுதியிருக்கு. தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965-லதான, அதுக்கு முன்னாடி இதெல்லாம் சேலம் ஜில்லா. அப்படின்னா தன்னோட தாத்தன் பிறந்த மண்ணுலயே ஒரு மனுசன் முப்பத்தஞ்சு வருசமா அகதியா இருக்கார். 2019 ஜூன்ல மதுரைக் கிளை இந்த மாதிரி இந்திய வம்சாவளி ஜனங்க வழக்குல ஒரு தீர்ப்பு சொல்லிச்சு, அவங்க விண்ணப்பத்தை கலெக்டர்கிட்ட கொடுக்கணும், கலெக்டர் காலம் தாழ்த்தாம மத்திய அரசுக்கு அனுப்பணும், அவங்க 16 வாரத்துல முடிவு எடுக்கணும்னு. அந்த தீர்ப்பை வெச்சு நம்ம ரெண்டு மாவட்டத்துல யார் யாருக்கு விண்ணப்பம் போடலாம்னு எந்த வக்கீலாவது எங்க முகாமுக்கு வந்து கேட்டாங்களா? எனக்கு தெரிஞ்சு யாரும் வரல. தாத்தாவுக்கு இப்ப கண்ணு சரியா தெரியல, அந்த பேப்பரும் மடிப்புல கிழிஞ்சிட்டு வருது.

டெல்லி விஷயம்னு சொல்றீங்களே, அதையும் பேசுவோம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் மூணு நாட்டு சிறுபான்மை ஜனங்களுக்கு வழி வெச்சாங்க, 2014 டிசம்பர் 31-க்குள்ள வந்திருந்தா போதும்னு. நாங்க அந்த லிஸ்ட்ல இல்ல. 2021-ல தமிழ்நாடு சட்டமன்றம் அந்த சட்டத்தை எதிர்த்து தீர்மானம் போட்டுச்சு. சரி. ஆனா அந்த மூணு நாட்டு ஜனங்களுக்கு வழி எப்படி வந்துச்சுன்னு கவனிங்க. முதல்ல 2015 செப்டம்பர்ல ஒரு அறிவிப்பு வந்துச்சு, பாஸ்போர்ட் இல்லாம வந்திருந்தாலும் இவங்க மேல நடவடிக்கை இல்லன்னு. அந்த அறிவிப்பை அடிப்படையா வெச்சுத்தான் 2019-ல இவங்க சட்டவிரோதக் குடியேறி கிடையாதுன்னு சட்டத்தையே திருத்தினாங்க. இப்ப எங்களுக்கு? 2025 செப்டம்பர் 1-ல புது குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் அமலுக்கு வந்தப்ப கூடவே ஒரு விலக்கு ஆணை வந்துச்சு, 2015 ஜனவரி 9 வரைக்கும் இங்க தஞ்சம் வந்து பதிஞ்சிருக்கற இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லன்னு நடவடிக்கை கிடையாதுன்னு. அப்படின்னா முதல் படி எங்களுக்கும் போட்டாச்சு, அடுத்த படிய கேட்டு வாங்கணும். இந்த ஆணை ஜெயில்ல போடாம மட்டும் காப்பாத்துதா, இல்ல அந்த சட்டவிரோதக் குடியேறிங்கற பேரையும் எங்க தலைமேல இருந்து இறக்குதான்னு இன்னும் தெளிவு இல்ல. அந்த தெளிவை கோர்ட்டுலயும் பார்லிமெண்ட்லயும் வாங்க வேண்டியது சட்டம் தெரிஞ்சவங்கதான். பெயிண்ட் அடிக்கற எங்க அண்ணனுங்க போய் வாங்க முடியுமா? 2022-ல அங்க பஞ்சம் மாதிரி ஆனப்ப தனுஷ்கோடிக்கு வந்தவங்க இருக்காங்க, அவங்களுக்கு இந்த விலக்கு கூட இல்ல, அவங்களையும் மறந்துடாதீங்க.

"நீங்க குடிமக்கள் இல்ல, அதனால இலவச சட்ட உதவி இல்ல"ன்னும் ஒரு பதில் சொன்னாங்க. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-வது பிரிவை எடுத்துப் பாருங்க. வழக்கு தொடுக்கவோ எதிர்க்கவோ வேண்டியிருக்கற நபர்னுதான் ஆரம்பிக்குது, குடிமகன்னு போடல. அதுல பெண்கள், குழந்தைகள் இருக்காங்க, வருமானம் எவ்வளவுன்னு கூட கேக்க வேண்டியதில்ல. இனக் கலவரத்துல பாதிக்கப்பட்டவங்கன்னு தனியாவே எழுதியிருக்கு. எங்களுக்குன்னு அளவெடுத்து எழுதின மாதிரி இருக்கற வரிய வெச்சுக்கிட்டு எங்களை திருப்பி அனுப்பினா எப்படிங்க? 1996-ல அருணாச்சலப் பிரதேசத்துல அகதியா இருந்த சக்மா ஜனங்க வழக்குல சுப்ரீம் கோர்ட், குடிமகனோ இல்லையோ ஒவ்வொரு மனுசனோட உயிரையும் சுதந்திரத்தையும் காப்பாத்த வேண்டியது அரசோட கடமைன்னு சொல்லிடுச்சு. இலவச சட்ட உதவிக்கு 15100-ன்னு ஒரு ஃபோன் நம்பர் போஸ்டர்ல ஒட்டியிருக்கீங்க, அந்த போஸ்டர் எங்க முகாம் பக்கம் வரணும்.

இந்த பேப்பர் இல்லாததால என்ன ஆகுதுன்னு வெளிய இருக்கறவங்களுக்கு புரியறதில்ல, ஆதார் இருக்குல்ல, ரேஷன் இருக்குல்லன்னு கேப்பாங்க. ஆதார் குடியுரிமைக்கு அத்தாட்சி இல்ல. எங்க சித்தப்பா பொண்ணு டிப்ளமோ முடிச்சு ஓசூர்ல ஒரு பெரிய கம்பெனி இன்டர்வியூல பாஸ் ஆனா, சேர்ற அன்னைக்கு டாக்குமெண்ட் பாத்துட்டு அப்புறம் கூப்பிடறோம்னு அனுப்பிட்டாங்க, கூப்பிடவே இல்ல, இப்ப தருமபுரியில ஒரு ஜவுளிக்கடையில நிக்கறா. அரசு வேலை ஃபார்ம்ல குடியுரிமை கேக்கற கட்டத்தோட எங்க பசங்க நின்னுடறாங்க. சொந்தமா ஒரு சென்ட் நிலம் வாங்க வழி இல்ல. எங்க ஆம்பளைங்க முக்காவாசி பேர் பெயிண்ட் வேலை, பெங்களூர், ஓசூர், சேலம்னு சாரம் கட்டி தொங்கறாங்க, விழுந்து கை கால் போனா மேஸ்திரி கொடுக்கறதுதான் நஷ்டஈடு. வேலையில அடிபட்டா சட்டப்படி நஷ்டஈடு கேட்டு கேஸ் போட குடியுரிமை தேவையே இல்லன்னு கூட எங்களுக்கு யாரும் சொல்லல. முகாம் செக்கிங் அன்னைக்கு ஆள் இல்லன்னா அரசு மாசா மாசம் கொடுக்கற பணக்கொடை நின்னுடுமோன்னு பாதி வேலைய விட்டுட்டு பஸ் ஏறி வர்றாங்க. வேலை தேடி ஊரை விட்டு போற கஷ்டம் நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் புதுசு இல்ல, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் மூட்டை தூக்கிட்டு போகாத குடும்பம் இங்க எது? அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன், வேற ஊர் வக்கீலை தேடி போகல.

அரசு எதுவும் செய்யலன்னு சொன்னா அது பொய். 2021 ஆகஸ்ட்ல சட்டமன்றத்துல 317 கோடி ரூபாய்க்கு மேல திட்டம் அறிவிச்சாங்க, 7,469 வீடு புதுசா கட்டறோம்னாங்க, பணக்கொடைய குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயா ஏத்தினாங்க, அகதிகள் முகாம்ங்கற பேரை மறுவாழ்வு முகாம்னு மாத்தினாங்க. பத்துக்குப் பத்துல ஓலையும் ஷீட்டுமா இருந்து மழைக்கு ஒழுகின வீட்டுல மூணு தலைமுறை இருந்த எங்களுக்கு தளம் போட்ட வீடு எவ்வளவு பெரிய விஷயம்னு எங்களுக்குத்தான் தெரியும், அதுக்கு மனசார நன்றி. ஆனா அந்த வீட்டுக்கு பட்டா கிடையாது, ஏன்னா எங்களுக்கே பட்டா கிடையாது. கல்லு, சிமெண்ட் எல்லாத்துக்கும் டெண்டர் விட்டு ஆள் போட்டீங்க, ஒவ்வொரு குடும்பத்து பேப்பரையும் பிரிச்சு பாக்க ஒரு வக்கீலை போடல. எங்களை மொத்தமா முகாம்னு பாக்காதீங்க. இதுக்குள்ள ஏற்கனவே இந்தியனா இருக்கறவங்க இருக்காங்க, சாஸ்திரி ஒப்பந்தத்துல வரவேண்டியவங்க இருக்காங்க, உள்ளூர் ஆளை கல்யாணம் பண்ணவங்க பிள்ளைங்க இருக்காங்க, திரும்பி ஊருக்கே போகணும்னு நினைக்கறவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு அங்க பிறப்பு பதிவு, காணி உறுதி (நிலப் பத்திரம்) இதுக்கெல்லாம் உதவி வேணும். எல்லாருக்கும் ஒரே பதில் எப்படி சரியா இருக்கும்?

வக்கீல் ஐயா, அம்மா, வாச்சாத்திய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 1992 ஜூன்ல அந்த மலை கிராமத்துல வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க நடத்தின கொடுமை. அந்த மலை ஜனங்ககிட்ட காசும் இல்ல, படிப்பும் இல்ல, எதிர்ல நின்னது அரசு ஆளுங்க. கூட நின்னவங்க விடல. 2011 செப்டம்பர் 29-ல இதே தருமபுரி கோர்ட்டுல குற்றம் சாட்டப்பட்ட 269 பேர்ல உயிரோட இருந்த 215 பேரும் குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு, 2023-ல ஐகோர்ட்டும் அதை உறுதி பண்ணுச்சு. ஏழை ஜனங்களுக்காக பத்தொன்பது வருசம் கோர்ட் படி ஏறினது நம்ம மாவட்டத்துலதான் நடந்துச்சு. நாங்க யாரையும் தண்டிக்க கேக்கல. எங்க பேப்பரை படிங்கன்னு கேக்கறோம்.

இப்ப கேக்கறதை தெளிவா கேக்கறேன். ரெண்டு மாவட்டத்துல இருக்கற ஒவ்வொரு முகாமுக்கும் வக்கீல்களும் சட்டத் தன்னார்வலர்களும் வந்து உக்காரணும். ஞாயித்துக்கிழமை வாங்க, மத்த நாள்ல ஆம்பளைங்க சாரத்து மேல இருப்பாங்க. பேச்சு, பொன்னாடை, ஃபோட்டோ ஒண்ணும் வேணாம், ஒரு டேபிள் போதும், டீ நாங்க போட்டு தர்றோம். குடும்பம் குடும்பமா பிறந்த தேதி, பிறந்த இடம், அப்பா அம்மா எங்க எப்ப பிறந்தவங்க, கையில என்ன பேப்பர் இருக்குன்னு எழுதி எடுங்க. 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இங்க பிறந்தவங்களுக்கும் அவங்க பிள்ளைங்கள்ல 2004 டிசம்பருக்கு முன்னாடி பிறந்தவங்களுக்கும் உடனே பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை விண்ணப்பம் போட்டு கொடுங்க, மறுத்தா ஐகோர்ட்ல ரிட் போடுங்க. 18 ஆகாத பிள்ளைங்க லிஸ்ட்டை முதல்ல எடுத்து 5(4)-ல மனு அனுப்புங்க, அதுக்கு ஒரு நாள் தள்ளினாலும் எங்களுக்கு நஷ்டம். அந்த தாத்தா மாதிரி மலையகத் தோட்டத்துல இருந்து வந்த குடும்பங்களோட பழைய பேப்பர்களை ஸ்கேன் பண்ணி வெச்சு, 2019 தீர்ப்பு சொன்ன வழியில கலெக்டர்கிட்ட விண்ணப்பம் கொடுங்க. பேர் இல்லாத பிறப்பு சர்டிபிகேட், பதியாத பிறப்பு, பேர்ல எழுத்து மாறினது, இதெல்லாம் திருத்த ரெண்டு கலெக்டர் ஆபீஸ்லயும் தனியா ஒரு நாள் ஒதுக்கச் சொல்லி நீங்க மனு கொடுங்க. 2004 பிப்ரவரியில கிருஷ்ணகிரி தனியா பிரிஞ்சதுல ஃபைல் எங்க இருக்குன்னே தெரியாம நிக்கற குடும்பங்கள் இருக்கு, அவங்களுக்காகவும் கேளுங்க.

வக்கீல் சங்கங்களா சேந்து நம்ம ரெண்டு மாவட்ட எம்.பி.க்களுக்கும் எழுதுங்க. 2015 அறிவிப்புக்கு அப்புறம் 2019-ல மத்தவங்களுக்கு சட்டம் திருத்தின மாதிரி, 2025 விலக்கு ஆணைக்கு அப்புறம் எங்களுக்கும் திருத்தணும்னு பார்லிமெண்ட்ல கேக்கச் சொல்லுங்க. அந்த கடிதத்தை எழுதறதுக்கு முன்னாடி முகாம்ல இருந்து எங்க ரெண்டு பேரையாவது கூப்பிட்டு உக்கார வெச்சு பேசுங்க, எங்களை பத்தி எங்களை கேக்காம முடிவு பண்ணது போதும்.

இதுல ஏதாவது முடியாதுன்னா வாயால சொல்லி அனுப்பாதீங்க. எந்த சட்டம், எந்த பிரிவுல முடியாதுன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்து போட்டு கொடுங்க. அந்த பேப்பரை வெச்சு நாங்க மேல போறோம்.

இப்படிக்கு,
தருமபுரி மாவட்ட முகாம் ஒன்றில் இருந்து